ஐப்பசிக்கு முன்னால்: நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வெள்ளக்கால வழிகாட்டி

முதன்முதலாக ஒரு நாயையோ பூனையையோ வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள். வீடு சென்னையிலோ கடலூரிலோ நாகையிலோ தூத்துக்குடியிலோ இருக்கிறது. அப்படியென்றால் அக்டோபர் பாதிக்கு மேல் தொடங்கி டிசம்பர் கடைசி வரைக்கும் ஒரு பெருமழைக்கோ புயலுக்கோ நீங்கள் தயாராக இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு, 2016இல் வர்தா, 2018இல் கஜா, 2023 டிசம்பரில் முதலில் மிக்ஜாம், இரண்டு வாரம் கழித்துத் தென்மாவட்ட வெள்ளம் என்று வரிசை நீளமானது. அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த மழை சுமார் 95 செ.மீ. மழையே பெய்யாத ஊர் என்று தூத்துக்குடிப் பக்கம் இனி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

இணையத்தில் தேடினால் 'அவசரகாலப் பை' பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். பையைப் பற்றி நானும் பின்னால் சொல்கிறேன். ஆனால் பை இரண்டாவது வேலைதான். முதல் வேலை இடம்.

முதலில் ஒரு வீடு பேசி வையுங்கள்

2005இல் அமெரிக்காவில் கத்ரினா புயலின்போது, நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வர மனமில்லாமல் வெள்ளத்துக்குள்ளேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். மீட்பு வாகனங்களில் பிராணிகளை ஏற்றவில்லை. அதன் பிறகு, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006இல் அங்கே சட்டமே கொண்டுவந்தார்கள். நம் ஊரில் நிவாரண முகாம் என்பது பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளியோ சமுதாயக்கூடமோதான். ஒரே வகுப்பறையில் பத்துக் குடும்பங்கள் பாய் விரித்திருக்கும்போது உங்கள் லாப்ரடாருக்கு இடம் கேட்க முடியாது. கேட்டாலும், நாயைக் கண்டாலே பயப்படும் குழந்தைகள் அங்கே இருப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அதனால் மழைக்கு முன்னாலேயே இரண்டு வீடுகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நடந்தே போகிற தூரத்தில்: அதே அடுக்ககத்தில் இரண்டாவது, மூன்றாவது மாடி வீடு, அல்லது தெருவில் மேடான பக்கத்தில் ஒரு மாடி வீடு. இன்னொன்று ஊருக்கு வெளியே, மழை குறைவாக இருக்கிற பக்கம் ஒரு சொந்தக்காரர் வீடு. 'அவசரம்னா வந்துடுவோம்' என்று பொதுவாகச் சொல்லி வைத்தால் போதாது. "அக்கா, தண்ணி வந்துச்சுன்னா எங்களோட டாமியும் வருவான், உங்க வீட்டு ஹால்ல ஒரு ஓரமா இருந்துக்கலாமா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டால் நல்லதுதான். இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றுகொண்டு கேட்பதைவிட மேல். சம்மதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயை அங்கே கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். அந்த வீட்டு வாசனை அதற்குப் பழகட்டும், அந்த வீட்டுக்காரருக்கும் உங்கள் நாய் பழகட்டும். அங்கே ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தனி வீடு, மாடியும் உண்டு என்றால் உங்களுக்கு வேலை பாதி. மொட்டை மாடியில் தகரமோ ஷீட்டோ போட்ட ஒரு மூலை இருக்கிறதா, காற்றில் பறக்காமல் நிற்குமா என்று மட்டும் பாருங்கள்.

கால்நடை மருத்துவர் விஷயத்திலும் இதே கணக்குத்தான். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2015இல் அடையாறு பெருகியபோது சைதாப்பேட்டைப் பாலத்திலேயே போக்குவரத்து நின்றது. தாம்பரத்தில் இருப்பவர் வேப்பேரியை நம்பிப் பயனில்லை. ஆற்றுக்கு உங்கள் பக்கத்தில், நடந்து போகிற தூரத்தில் ஒரு டாக்டரின் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்கள்.

ஆவணியிலேயே தொடங்க வேண்டியவை

சில வேலைகளைப் புயல் சின்னம் உருவான பிறகு செய்யவே முடியாது. அவற்றுக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். ஆகஸ்டு கடைசியில் தொடங்கினால் மழைக்குள் முடித்துவிடலாம்.

தடுப்பூசி முதலாவது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி காலாவதி ஆகாமல் இருக்கட்டும். கூட்டத்திலும் படகிலும் மிரண்டுபோன நாய் யாரையாவது கடித்துவிட்டால் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான். அடுத்து எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீரில் இருந்து நாய்க்கு வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். இதற்கான தடுப்பூசியை முதல் முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டும், பிறகு ஆண்டுதோறும். உங்கள் நாய்க்குப் போட்டிருக்கும் கலவை ஊசியில் லெப்டோ இருக்கிறதா என்று அட்டையைப் பார்த்து டாக்டரிடம் கேளுங்கள். எல்லாக் கலவையிலும் இருக்காது.

அப்புறம் அடையாளம். கழுத்துப்பட்டையில் ஒரு சின்னத் தகடு, அதில் இரண்டு தொலைபேசி எண்கள். ஒன்று உங்களுடையது, மற்றது வெளியூரில் இருப்பவருடையது. உங்கள் ஏரியாவில் டவர் விழுந்துவிட்டால் உங்கள் எண்ணால் யாருக்கும் பயன் இல்லை. தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் அரிசி மணி அளவுதான் இருக்கும், கருவி வைத்துப் படிக்கும் அதன் எண் பதினைந்து இலக்கம். பட்டை கழன்று விழலாம், சிப் விழாது. சென்னையில் வளர்ப்பு நாய்களுக்கு மாநகராட்சி உரிமம் எப்படியும் வாங்க வேண்டும், சிப்பையும் அதோடு சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள். தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடும் நாய்களுக்கும் இதே தகடுதான் துணை.

பூனை வைத்திருப்பவர்கள் கேரியர் (பூனையை வைத்துத் தூக்கிப்போகும் கதவுள்ள பெட்டி) பழக்கத்தை இப்போதே தொடங்க வேண்டும். பரண் மேலிருந்து கேரியரை இறக்கியதும் பூனை கட்டிலுக்கு அடியில் மறைகிறது என்றால், டாக்டரிடம் போகும் நாளில் மட்டும்தான் அதை எடுக்கிறீர்கள் என்று பொருள். கேரியரின் கதவைக் கழற்றிவிட்டு ஹாலில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். உள்ளே உங்கள் பழைய சட்டை ஒன்று. முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டைக் கேரியர் பக்கத்தில் வையுங்கள், அடுத்த வாரம் வாசலில், அதற்கடுத்து உள்ளே. தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவை மாட்டி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று மூடிப் பழக்குங்கள். இரண்டு பூனை என்றால் இரண்டு கேரியர். ஒன்றாக அடைத்தால் பயத்தில் சண்டை போடும். கேரியர் வாங்க வசதியில்லை என்றால் ஜிப் வைத்த கெட்டியான தலையணை உறை ஓர் அவசரத்துக்கு உதவும், ஆனால் சில நிமிடங்களுக்குத்தான்.

இப்போது நம் வீடுகளுக்கே உரிய சிக்கல், சாப்பாடு. பாதிப் பேர் வீட்டில் நாய்க்குக் கோழியும் சோறும், இல்லையென்றால் தயிர்சாதம். மின்சாரம் இல்லை, சிலிண்டர் தண்ணீரில் மிதக்கிறது என்ற நிலையில் அதற்குத் தனியாக யார் சமைப்பது? பூனைக்கு மீன் வைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் படகு கடலுக்குப் போகாது, மார்க்கெட்டில் மீன் இருக்காது. கருவாடு போடலாமே என்று தோன்றும், உப்பு அதிகம், வேண்டாம். எனவே மழைக்காலத்துக்கு முன்பே உலர் தீவனத்தைப் பழக்குங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்குதான். வழக்கமான சாப்பாட்டில் ஒரு பிடி கலந்து ஆரம்பித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முழுக்க மாற வேண்டியதில்லை. தேவைப்பட்டால் தின்னும் என்ற நிலை வந்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம், வெளியே போவதைப் பற்றியும் பேசிவிடலாம். தெருவில் விளக்குக் கம்பத்தடியில்தான் சிறுநீர் கழிப்பேன் என்று இருக்கும் நாய், முதல் மாடியில் இரண்டு நாள் அடைபட்டால் அடக்கிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடியில் ஒரு கோணிச்சாக்கை விரித்து, அதன் சிறுநீர் பட்ட கொஞ்சம் மண்ணை அதில் தூவி, காலையில் எழுந்ததும் அங்கே கூட்டிப்போய்ப் பழக்குங்கள். போனால் பாராட்டி ஒரு பிஸ்கட். பூனைக்கு மணல் தீர்ந்துவிட்டால் கிழித்த செய்தித்தாளில் போகப் பழக்கியிருக்க வேண்டும்.

பை

புரட்டாசிக்குள் பை தயாராகட்டும். ஒரு பழைய பள்ளிக்கூடப் பை போதும். முதுகில் மாட்டுவதாக இருக்க வேண்டும், இரண்டு கையும் பிராணிக்கு வேண்டும்.

ஒரு வாரத்துக்கு உலர் தீவனம், இறுக்கமாக மூடும் டப்பாவில். தண்ணீர் தனியாகச் சேமிக்க வேண்டும்: ஒரு கிலோ எடைக்கு நாளைக்குச் சுமார் 50–60 மி.லி. என்று வைத்துக்கொண்டால், 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதை முதுகில் சுமக்க முடியாது, பேசி வைத்த மாடி வீட்டில் முன்கூட்டியே ஒரு கேன் வைத்துவிடுவதே நல்லது. ஒரு கிண்ணம், இரண்டு பழைய துண்டு, ஒரு பெட்ஷீட். பெட்ஷீட் குளிருக்கு மட்டுமல்ல. படி ஏற முடியாத பெரிய நாயை அதில் படுக்க வைத்து இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கலாம்.

நாய்க்கு ஹார்னஸ் ஒன்று, அதாவது மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை, வாங்குங்கள். இந்தப் பையில் காசு செலவழிக்கத் தகுந்த பொருள் அதுதான் என்பது என் கருத்து. தண்ணீரிலிருந்தோ படகிலிருந்தோ நாயைக் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் மூச்சு முட்டும். முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் என்றால் பெட்டியைத் தூக்குவது போலத் தூக்கிவிடலாம். வாய்க்கூடும் ஒன்று வேண்டும். உங்கள் நாய் கடிக்காது என்று உங்களுக்குத் தெரியும், படகில் வருபவருக்குத் தெரியாது. வாய்க்கூடு இருந்தால் ஏற்றிக்கொள்ளத் தயங்கமாட்டார்கள்.

மருந்துகள்: தினசரி மாத்திரை தின்னும் பிராணி என்றால் இரண்டு வாரத்துக்கான கையிருப்பு. வலிப்புக்கு மாத்திரை தின்னும் நாய்க்கு அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அதனால் இது தட்டிக்கழிக்கிற விஷயமல்ல. இன்சுலின் போடுபவர்கள் வாய் அகன்ற பிளாஸ்கில் ஐஸ் போட்டு, ஐஸ் மருந்தில் நேரடியாகப் படாமல் துணி சுற்றி வைக்கலாம். காயத்துக்குப் பஞ்சு, பேண்டேஜ், பெட்டாடின் (தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து பயன்படுத்த வேண்டும்). வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து இரண்டை எடுக்கவே கூடாது. ஒன்று பாராசிட்டமால்: பூனையைக் கொல்ல ஒரு மாத்திரையே போதும். இரண்டாவது டெட்டால்: பூனைக்கு அது விஷம், உடம்பில் பட்டதை நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தடுப்பூசி அட்டை, உரிமம் இவற்றின் நகல், நீங்களும் பிராணியும் சேர்ந்து இருக்கும் ஒரு புகைப்படம், முக்கிய எண்கள் எழுதிய ஒரு தாள். எல்லாம் போனில் இருக்கிறதே என்பீர்கள். வர்தாவிலும் கஜாவிலும் போன் வெறும் டார்ச் லைட்டாகத்தான் இருந்தது, சார்ஜ் தீர்ந்ததும் அதுவும் இல்லை. தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். எழுத வேண்டிய எண்கள்: மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913, பொது அவசர எண் 112. கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. அது முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது, கிராமப்புறத்தில் இருப்பவர்களுக்கு ரொம்ப உபயோகம்.

எச்சரிக்கை வந்த பிறகு

வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் பார்த்துவிட்டு ஸ்கூல் லீவா என்று மட்டும் கேட்காமல், அதையே உங்கள் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளில் பையைச் சரிபார்த்து, தண்ணீர் பிடித்து, பவர்பேங்கை சார்ஜ் போடுங்கள். ஆரஞ்சில் பூனையை வெளியே விடாதீர்கள். காற்றழுத்தம் மாறுவதும் இடியும் அதை எங்கேயாவது ஒளிய வைக்கும், பிறகு தேடிப் பிடிக்க முடியாது. ஒளிய இடமில்லாத ஓர் அறையில் கேரியரோடு வைத்துவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் பெட்டிகளை அடுக்கி அடைத்துவிட்டால் நல்லது. சிவப்பு என்றால், தரைத்தள வீட்டுக்காரர்கள் வெளிச்சம் இருக்கும்போதே மாடிக்குப் போய்விட வேண்டும். 'கொஞ்சம் பார்க்கலாம்' என்று இருட்டும்வரை காத்திருப்பதுதான் ஆபத்து.

மழை அளவை மட்டும் பார்த்தாலும் போதாது. அடையாறு, கொசஸ்தலை ஆற்றோரம், ஏரிக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஏரி திறப்பு அறிவிப்பும் முக்கியம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்குச் சுமார் 29,000 கன அடி திறந்தார்கள். உங்கள் தெருவில் மழை விட்டிருந்தாலும் மேலே திறந்த தண்ணீர் வந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டால்

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், அதுவும் கால் நனைவதற்கு முன்னால். பிறகுதான் பிராணி.

எந்தச் சூழ்நிலையிலும் கட்டிப்போட்டுவிட்டுப் போகக் கூடாது. சங்கிலியில் இருக்கும் நாய் தண்ணீர் ஏறும்போது மூழ்கத்தான் செய்யும். மாடு, ஆடு, கோழிக் கூண்டு எல்லாவற்றுக்கும் இதுதான் விதி: கொண்டுபோக முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், கூண்டைத் திறந்துவிடுங்கள். உயிருக்கே ஆபத்து என்று விட்டுவிட்டுப் போக நேர்ந்தால், மாடிப்படிக்குப் போகும் கதவைத் திறந்து வைத்து, உயரத்தில் சாப்பாடும் தண்ணீரும் வைத்து, 'உள்ளே ஒரு நாய் இருக்கிறது' என்று வாசல் கதவில் பெரிதாக எழுதிவிட்டுப் போங்கள்.

நாய் நீந்தும் என்று நம்பித் தண்ணீரில் இறக்காதீர்கள். திறந்த மேன்ஹோல், அறுந்த மின்கம்பி, இழுப்பு எதுவும் அதற்குத் தெரியாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் சரியாக நீந்தவும் மாட்டா. முழங்கால் அளவுதான் தண்ணீர் என்றால் தூக்கிக்கொண்டு, ஒரு கம்பால் முன்னே தரையைத் தட்டிப் பார்த்தபடி நடங்கள். கயிற்றை உங்கள் மணிக்கட்டில் சுற்றிக் கட்டிக்கொள்ளாதீர்கள், நாய் இழுபட்டால் நீங்களும் போவீர்கள். கையில் மடித்துப் பிடித்தால் போதும்.

படகு வந்தால் முதலில் பூனைக் கேரியர் துணியால் மூடி ஏறட்டும், பிறகு நீங்கள், அப்புறம் நாயை ஹார்னஸைப் பிடித்துத் தூக்கி ஏற்றுங்கள். வாய்க்கூடு இல்லையென்றால் துப்பட்டாவையோ பேண்டேஜையோ மூக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்காக எடுத்து, காதுகளுக்குப் பின்னால் கட்டலாம். ஏறி இறங்கும் சில நிமிடங்களுக்கு மட்டும். நாய் இரைத்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். சப்பை மூக்கு நாய்க்கு இதைச் செய்யவே கூடாது.

மாடிப்படியில் தெருநாய்கள் வந்து ஒதுங்கும். விரட்டாதீர்கள், அவற்றுக்கும் போக இடமில்லை. உங்கள் நாயை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்தொட்டி, பறவை

மீன் வளர்ப்பவர்களுக்கு வெள்ளத்தைவிட மின்வெட்டுதான் எதிரி. பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். இல்லையென்றால் ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் கலக்கும். தீவனம் போடாதீர்கள். வளர்ந்த மீன்கள் சில நாள் பட்டினி தாங்கும், அழுகும் தீவனம்தான் கொல்லும். பல மணி நேரம் நின்றுபோன ஃபில்டரை, மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடக் கூடாது. உள்ளே நல்ல பாக்டீரியா செத்து அழுக்கு தேங்கியிருக்கும். கழற்றி அலசிவிட்டுப் போடுங்கள்.

கூண்டுப் பறவைகளுக்கு ஈரக்காற்றுதான் பிரச்சினை, ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி மெல்லிய துணியால் மூடினால் அமைதியாக இருக்கும். தொட்டியில் வளர்த்த சிவப்புக் காது ஆமையை 'தண்ணிதானே, பிழைச்சுக்கும்' என்று வெள்ளத்தில் விட்டுவிடாதீர்கள். பிழைத்துக்கொள்ளும், நம் ஏரியில் இருக்கும் நாட்டு ஆமைகள்தான் பிழைக்காது.

வடிந்த பிறகு

வீட்டுக்குத் திரும்பியதும் நாயை உடனே அவிழ்த்துவிடாதீர்கள். பீரோவுக்குப் பின்னால், செருப்பு அலமாரியில், குவிந்த குப்பையில் பாம்பு இருக்கலாம். நீங்கள் முதலில் ஒரு கம்போடு உள்ளே போய்ப் பாருங்கள். பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, மஞ்சள் அப்புவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். மனிதருக்குப் போடும் விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும் போடுவார்கள்.

தண்ணீரில் நனைந்த பிராணியை ஷாம்பு போட்டு நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, விரல் இடுக்குகள் வரை துடையுங்கள். மிக்ஜாமின்போது எண்ணூர் பக்கம் வெள்ள நீரோடு எண்ணெய்க் கசடும் சேர்ந்து, கூழைக்கடாக்களின் இறக்கையெல்லாம் கறுத்துப்போனதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலைகள் பக்கத்தில் வீடு என்றால், நக்குவதற்கு முன்னால் கழுவியாக வேண்டும்.

வீட்டைக் கழுவும்போது பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தாராளமாகக் கொட்டுவோம். தரை நன்றாக அலசிக் காயும்வரை பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள். நனைந்த தீவன மூட்டையைக் காயவைத்துப் போடலாமே என்று கணக்குப் பார்க்க வேண்டாம். பூஞ்சை பிடித்த தீவனம் கல்லீரலைக் கெடுக்கும், கொட்டிவிடுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று வாரம் கண்காணிப்பு. காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள், சிறுநீர் அடர்ந்த நிறம் என்று எதுவாவது தெரிந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ள நீரில் இருந்தது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தச் சிறுநீரைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். மழை விட்டதும் உண்ணியும் பெருகும், காது மடல்களையும் விரல் இடுக்கையும் தினமும் பாருங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடக் கூடாது. அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

காணாமல் போயிருந்தால், பூனையை முதலில் உங்கள் வீட்டைச் சுற்றியே தேடுங்கள். பயந்த பூனை தூரம் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பரண், மாடிப்படிக்குக் கீழ், நிறுத்தி வைத்த காரின் அடி, இங்கெல்லாம் தெரு அடங்கிய இரவு நேரத்தில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். கண் மின்னும். நாய் தூரம் போயிருக்கும், படத்தோடு தெரு வாட்ஸ்அப் குழுக்களிலும் டீக்கடைகளிலும் காப்பகங்களிலும் சொல்லி வையுங்கள். படத்தில் தெரியாத ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாதீர்கள்: வயிற்றில் ஒரு தழும்பு, ஒரு கால் நகம் மட்டும் வெள்ளை, இப்படி ஏதாவது. நாய் எங்களிடம்தான் இருக்கிறது, பணம் அனுப்புங்கள் என்று போன் வந்தால் அதைக் கேளுங்கள்.